கலங்கல் பலகையும் இரண்டு வக்கீல்களும்

கறுப்புக் கோட்டு இன்னும் தோளில் ஒழுங்காக உட்காராத தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்குத் தேர்தல் ஆசையும் இருக்கிறது. மறைக்க வேண்டாம். கோர்ட்டு வராந்தாவில் முன்பின் தெரியாதவருக்கெல்லாம் நீங்கள் போடுகிற கும்பிடே அதைச் சொல்லிவிடுகிறது. உங்கள் வயதில் எனக்கும் அந்தக் கும்பிடு இருந்தது. இரண்டு தொழிலையும் பார்த்து ஓய்ந்தவன் என்ற முறையில் ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். சட்ட நுணுக்கம் தேடுகிறவர்கள் பார் லைப்ரரிக்குப் போகலாம். அங்கே தூசி தட்டவும் ஆள் வேண்டியிருக்கிறது.

நான் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவன். எங்கள் தெருவில் முதலில் பி.எல். படித்தவன் நான்தான் என்பதால், நான் படித்து முடிப்பதற்குள்ளேயே தெருக்காரர்கள் வழக்குகளைச் சேர்த்து வைத்துவிட்டார்கள். சுவர்த் தகராறு, வாய்க்கால் தகராறு, கோயில் மரியாதைத் தகராறு என்று முன்சீப் கோர்ட்டில் பிழைப்பு நன்றாகவே ஓடியது. அறுபதுகளின் பின்பாதியில், டீக்கடை பெஞ்சிலெல்லாம் அரசியல் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், என்னை இழுத்துக்கொண்டு போய்த் தேர்தலில் நிற்க வைத்தார்கள். இழுத்தார்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. நானாகவேதான் போய் நின்றேன்.

ஓட்டுக் கேட்கப் போன முதல் நாளே வக்கீல் புத்தி காட்டிக்கொடுத்துவிட்டது. ஒரு அம்மாள் தெருக்குழாயில் தண்ணீர் வருவதில்லை என்று முறையிட்டார். நான் பழக்க தோஷத்தில், "எப்பத்திலேர்ந்து வரலை? அதுக்கு சாட்சி யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவர் இடுப்பிலிருந்த காலிக் குடத்தை என் கையில் திணித்து, "இந்தா, இத்தைக் கூண்டுல ஏத்தி விசாரிச்சுக்கோபா" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் குடத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்து அடுத்த தெரு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன் என்பதும் உண்மைதான்.

எப்படியோ ஜெயித்தேன். என்னிடம் தோற்றவரும் வக்கீல். சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்ததால் கோர்ட்டில் எல்லோரும் அவரைச் சின்ன காஞ்சியார் என்போம். என்னைவிட வயதில் கொஞ்சம் மூத்தவர், ஒல்லி, குரல் மட்டும் இரண்டு ஆள் அளவுக்கு இருக்கும். கோர்ட்டிலும் பெரும்பாலும் அவர்தான் எனக்கு எதிர்த் தரப்பு. தேர்தல் மேடையில் அவர் என்னை வாய்தா வக்கீல் என்றார். நான் அவரைப் பழைய பஞ்சாங்கம் என்றேன். ஓட்டு எண்ணி முடித்த அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார். கோர்ட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, எனக்குச் சொல்ல வேண்டியதைத் தன் குமாஸ்தாவிடம் சொல்வார். குமாஸ்தா என் பக்கம் திரும்பி அதையே இன்னொரு தடவை சொல்வார். கோர்ட்டுக்கே அது வேடிக்கையாகிவிட்டது.

இனி வழக்குக்கு வருகிறேன். வாலாஜாபாத் தாண்டித் தென்னேரிக்குப் போகிற பக்கத்தில் ஒரு ஏரி உண்டு. தென்னேரி மாதிரி கடலாக விரிந்திருக்காது, ஆனாலும் நல்ல ஏரிதான். ஊர்ப் பெயர்கள் வேண்டாம். ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற ஊரைக் கீழூர் என்றும், ஏரிக்கு மேல்பக்கம் இருக்கிற ஊரை மேலூர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற இடத்துக்குக் கலங்கல் என்று பெயர். அங்கே கல்தூண்கள் வரிசையாக நிற்கும். தூண்களுக்கு நடுவே பலகை செருகிக் களிமண் அப்பினால் ஏரியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கீழூருக்கு அந்தத் தண்ணீர் இருந்தால்தான் இரண்டாம் போகம். ஆனால் அதே தண்ணீர் பின்பக்கம் ஏறி மேலூர்க்காரர்களின் நிலத்தை மூழ்கடிக்கும். ஒருவர் பலகையைப் போடுவதும் இன்னொருவர் பிடுங்குவதுமாகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை. இரண்டு ஊருக்கும் நடுவில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்று போயிருந்தது.

கீழூருக்கு நான் வக்கீல். அந்த ஊரில் பெரிய விவசாயி ஒரு ஜைனர். நயினார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுகிற மனிதர், அளந்து பேசுகிறவர். மேலூருக்குச் சின்ன காஞ்சியார் வக்கீல். அந்த ஊருக்குத் தலைவர் முனுசாமி, அவர் எதையும் அளந்து பேசுகிறவர் இல்லை. நான் சட்டசபைக்குப் போவதற்கு முன்பே அந்த வழக்கில் ஒரு உத்தரவு வாங்கியிருந்தேன். வழக்கு முடியும்வரை உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும், வாதிகளோ பிரதிவாதிகளோ அவர்களுடைய ஆட்களோ கலங்கல் பலகையில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. அந்தச் சமயத்தில் பலகை செருகியபடியே இருந்ததால் அது கீழூருக்கு வெற்றி. நயினார் சந்தோஷத்தில் ஒரு மரக்கால் பச்சைப்பயறு கொண்டுவந்து கொடுத்தார். அடுத்தடுத்து மழை குறைந்த வருடங்கள் வந்ததால் பலகையால் யாருக்கும் தொந்தரவு இல்லை. வழக்கும் வாய்தாவிலேயே தூங்கியது.

நான் எம்.எல்.ஏ. ஆன பிறகு ஒரு கார்த்திகை மாதம் புயல் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கட்சித் தொண்டர் கஜேந்திரன் சொட்டச் சொட்ட நனைந்து வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, கீழூர் ஏரி தளும்பிக்கினு இருக்குது. கரையில ரெண்டு இடத்துல கசியுதாம். ஜனங்க எல்லாம் கரை மேலதான் நிக்கிறாங்க."

வாடகைக் கார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் தண்ணீர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது, ஆனால் ஏரிக்குள் வருகிற தண்ணீர் விடவில்லை. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் பள்ளத்தில் கீழூரின் கூரைகள். நடுவில் இரண்டு இடத்தில் கசிந்துகொண்டு ஒரு மண்கரை. அது உடைந்தால் ஊர் இருக்காது என்பதைப் பார்த்த உடனே புரிந்துகொண்டேன்.

கலங்கலில் நான் கண்ட காட்சியை இன்றைக்கும் நம்ப முடியவில்லை. கலங்கலுக்கு இந்தப் பக்கம் கீழூர் ஜனம் கடப்பாரையோடு நிற்கிறது. அந்தப் பக்கம் மேலூர் ஜனம் நிற்கிறது. நடுவில் பலகைகள் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. ஒருவரும் பலகையைத் தொடவில்லை. பொதுப்பணித்துறை ஓவர்சியர் குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"ஏன் சார் சும்மா நிக்கிறீங்க? பலகையைத் தூக்கச் சொல்லுங்க" என்றேன்.

"கோர்ட்டு ஆர்டர் இருக்குதுங்களே சார். நான் கை வெச்சா என் வேலை போயிடும். ஆர்டர் வாங்கினதே நீங்கதானே?" என்றார் பணிவாக.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முன்சீப் சனிக்கிழமையே சொந்த ஊருக்குப் போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருவார். டெலிபோன் கம்பி அறுந்து கிடந்ததால் மேலதிகாரி யாரையும் பிடிக்க முடியவில்லை. நான் நயினாரிடம் போனேன். கரை உடைந்தால் முதலில் போகிற வீடு அவருடையது.

"நயினாரே, உங்க ஆளுங்களை விட்டுப் பலகையை எடுங்க" என்றேன்.

"நாங்க எடுத்தா உத்தரவை நாங்களே மீறினதா ஆயிடும் வக்கீல் ஐயா. நாளைக்கு மேலூர்க்காரங்க அத்தையே கோர்ட்டுல சொல்லுவாங்க. வழக்கு போச்சுன்னா ரெண்டாம் போகம் போச்சு. பொம்பளைங்க கொழந்தைங்களை மேட்டுக்கு அனுப்பிட்டோம். கரை நிக்கும். நாங்க மண்ணு போட்டுக்கினு இருக்கிறோம்" என்றார்.

முனுசாமியிடம் போனேன். பலகையைப் பிடுங்குவதற்காகவே பிறந்த மனிதர். அவருடைய நெல் பின்பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் முழுகிக் கிடந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எங்க ஆளுங்க ஒருத்தனும் தொட மாட்டாங்க சார். ஆர்டர்னா ஆர்டர்தான். அவங்க பயந்துக்கினு தானா எடுப்பாங்க பாருங்க. எடுத்தாங்கன்னா கேஸ் எங்களுது" என்றார். நெல் போன வருத்தத்தைவிட அந்தச் சந்தோஷம்தான் அவர் முகத்தில் தெரிந்தது.

இப்போது புரிகிறதா தம்பிகளே? முதலில் தொடுகிறவன் தோற்றான் என்று இரண்டு ஊரும் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இந்த மாதிரி புத்தி நம்மிடம் வந்து போகிற கட்சிக்காரர்களுக்கு மட்டும்தான் வரும். எந்தப் பாமரனுக்கும் தானாக வராது. நாம்தான் வருடக்கணக்கில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

கஜேந்திரன் என் காதருகே வந்தார். "அண்ணே, யோசிக்காதீங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு நீங்களே இறங்கி எடுங்க. எம்.எல்.ஏ. தண்ணியில இறங்கி ஊரைக் காப்பாத்துனாருன்னு நாளைக்குப் பேப்பர்லயே வந்துடும்."

ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. ஜனக்கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது, இறங்கினால் கைதட்டுவார்கள். ஆனால் நான் எம்.எல்.ஏ. மட்டும் இல்லை, கீழூரின் வக்கீல். நான் பலகையைத் தொட்டால் கீழூரே தொட்டதாக ஆகிவிடும். என் கட்சிக்காரனைக் காப்பாற்றுகிறேன் என்று அவன் வழக்கை நானே குழிதோண்டிப் புதைத்ததாகவும் ஆகும். அதற்கு மேல், நான் இறங்கினால் கீழூர் ஆட்கள் என்னைத் தடுக்க வருவார்கள், மேலூர் ஆட்கள் கூச்சல் போடுவார்கள், கையில் கடப்பாரையோடு இத்தனை பேர். ஒரு அடிதடி நடந்தால் பலகையும் வராது, கரையும் நிற்காது. தனியாகச் செய்கிற காரியம் இல்லை இது என்று தெரிந்துவிட்டது. கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதும் தெரிந்துவிட்டது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"காரைத் திருப்பச் சொல்லுங்க. சின்ன காஞ்சிபுரம் போறோம்" என்றேன்.

கஜேந்திரன் முகம் சுண்டிப் போயிற்று. "அவர்கிட்டயா? தோத்த ஆளாண்டயா போயி நிக்கப் போறீங்க?"

"ஜெயிச்ச ஆள் வேற யாருகிட்ட போவான்?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

சின்ன காஞ்சியார் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் என்னைக் கண்டதும் டம்ளரைக் கீழே வைத்தார். குமாஸ்தா பக்கத்தில் இல்லை. அதனால் வேறு வழியில்லாமல் நேராக என்னிடமே பேச வேண்டியதாயிற்று.

"எம்.எல்.ஏ.வா வந்திருக்கீரா, வக்கீலா வந்திருக்கீரா?"

"நனைஞ்சு வந்திருக்கேன் சார். அதுக்கு என்ன பேரு வேணாலும் வெச்சுக்குங்க."

ஒரு துண்டை எடுத்து என் மேல் எறிந்தார். நான் தலையைத் துவட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கரை கசியறதை உம்ம கண்ணால பாத்தீரா?"

"பாத்தேன்."

அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். காப்பி டம்ளரில் பாதி அப்படியே இருந்தது. காரில் ஏறியதும் வாதம் ஆரம்பித்துவிட்டது. பேசாமல் போன மாதங்களையெல்லாம் அந்தச் சாலையிலேயே ஈடு கட்டினோம்.

"உத்தரவுல என்ன இருக்கு? வாதி, பிரதிவாதி, அவங்க ஆட்கள். வக்கீல் கட்சிக்காரனோட ஆளா?" என்றார் அவர்.

"இல்லேன்னு சொல்லலாம். வக்கீல் கோர்ட்டுக்குக் கடமைப்பட்டவன்."

"சொல்லலாம்தான். முன்சீப் ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்கலைன்னா அவமதிப்பு. வக்கீல் தொழில் பண்ற சன்னதே போகலாம். ஜெயிலும் உண்டு."

"உமக்குப் பதவியும் ஆட்டம் காணும்" என்றார், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே. முன் சீட்டில் கஜேந்திரன் எங்களை மாறி மாறித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் இருவரும் ஒரே காரிலிருந்து இறங்கியதைக் கண்டு கலங்கலின் இரண்டு பக்கமும் சத்தம் அடங்கிவிட்டது. சின்ன காஞ்சியார் தன் பெரிய குரலில், யாரையும் கேட்காமல் ஆரம்பித்தார். பலகையை வாதியும் எடுக்கப் போவதில்லை, பிரதிவாதியும் எடுக்கப் போவதில்லை, வக்கீல்கள் இருவரும் சேர்ந்து எடுக்கப் போகிறோம், தண்ணீர் இறங்கியதும் நாங்களே அதே இடத்தில் திரும்பச் செருகுவோம் என்றார்.

முனுசாமி பாய்ந்து வந்தார். "நீங்க எங்க வக்கீலா, அவங்க வக்கீலாபா? அவங்களே எடுத்திருப்பாங்க. கேஸ் நம்ம கைக்கு வர்ற நேரத்துல வந்து கெடுக்கிறீங்களே!"

"முனுசாமி, கரை உடைஞ்சு அந்தப் பக்கம் ஒரு கொழந்தை செத்துதுன்னா, ஜெயிச்ச கேஸை வெச்சுக்கினு நீ இந்தப் பக்கம் எப்படிப்பா சோறு திம்பே?" என்றார் சின்ன காஞ்சியார். அவர் பேச்சில் எங்கள் பக்கத்து வாடை வந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். முனுசாமி இடத்தைவிட்டு நகரவில்லை.

நயினார் முன்னால் வந்தார். நான் அவருக்கு உறுதி சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டுச் சின்ன காஞ்சியாரைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க ஐயா. இன்னைக்குப் பலகை எடுத்ததை வெச்சு நாளைக்கு எங்களை மடக்க மாட்டீங்களே?"

"ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேசினேன்னா அன்னிக்கோட கோட்டைக் கழட்டிடறேன்."

நயினார் தலையை ஆட்டினார். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். இத்தனை வருடம் வக்காலத்து வைத்திருக்கிற என் வார்த்தை அவருக்கு அந்த நேரத்தில் தேவைப்படவில்லை. அவரைக் கெடுக்க முடிந்தவர் எதிர் வக்கீல்தான், அதனால் எதிர் வக்கீலின் வார்த்தைதான் வேண்டியிருந்தது. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவர் செய்தது சரி.

தண்ணீர் இழுப்பைப் பார்த்துவிட்டு ஓவர்சியர், இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்கக் கூடாது என்றார். கீழூர் ஆள் ஒருவர் என் இடுப்பில் கயிறு கட்ட வந்தார். சின்ன காஞ்சியார் தடுத்தார்.

"அவர் கயித்தை மேலூர்க்காரங்க பிடிக்கட்டும். என் கயித்தைக் கீழூர் பிடிக்கட்டும்."

கூட்டம் திகைத்தது. நானும்தான். "பலகையிலதானே கை வைக்கக் கூடாது? கயித்தைப் பத்தி உத்தரவுல ஒண்ணும் இல்லையே" என்றார் அவர். முதலில் யாரும் அசையவில்லை. அப்புறம் நயினார் குனிந்து சின்ன காஞ்சியாரின் கயிற்றை எடுத்துத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டு முனுசாமி முணுமுணுத்துக்கொண்டே என் கயிற்றின் முனையைப் பிடித்தார். தண்ணீரில் கால் வைக்கும்போது நான் ஒரு தடவை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தோம். பலகை அசையவே இல்லை. களிமண் இறுகி, தண்ணீர் அழுத்தி, கல்லோடு கல்லாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நாங்களோ சட்டப் புத்தகத்துக்கு மேல் கனமாக எதையும் தூக்கிப் பழகாதவர்கள். கரையில் இத்தனை பலசாலிகள் நிற்க, இரண்டு வக்கீல்கள் முக்கி முனகுவதைப் பார்த்து ஜனங்களால் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, மொதல்ல மண்ணைச் சொரண்டுங்க!" என்றது கீழூர்.

"ஓரமா நெம்புங்க சார், நேரா இழுத்தா வராது!" என்றது மேலூர்.

"கடப்பாரையை அந்தாண்ட குடுங்கய்யா!" என்று இரண்டு பக்கமும் ஒன்றாகக் கத்தியது. ஒரு கீழூர் வாலிபர் கடப்பாரையைத் தூக்கி எறிய, மேலூர் ஆள் அதைப் பிடித்து என் கையில் கொடுத்தார். அந்த இரண்டு ஊரும் ஒரே காரியத்துக்காகக் குரல் கொடுத்ததை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை.

மேல் பலகை திடீரென்று பெயர்ந்தது. தண்ணீர் ஓவென்று பாய்ந்தது. சின்ன காஞ்சியாரின் கால் வழுக்கியது. ஒல்லி மனிதர், தண்ணீர் அவரைத் தூக்கியே விட்டது. நான் பலகையை விடாமல் ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்தேன். அதே நொடியில் நயினாரோடு இன்னும் ஏழெட்டுக் கீழூர்க்காரர்கள் கயிற்றில் தொங்கினார்கள். என் கயிறும் பின்னால் இறுகியது. இருமிக்கொண்டே எழுந்து நின்ற சின்ன காஞ்சியார், "அடுத்த பலகை" என்றார்.

சாயங்காலத்துக்குள் எல்லாத் தூணுக்கும் நடுவிலிருந்த மேல் பலகைகளை எடுத்துவிட்டோம். கலங்கல் வழியாக வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. கரையில் ஈரத்தின் கோடு கீழே இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. கரை நின்றது. பொழுது சாயப் போகிறது என்று நயினார் அவசரமாக வீட்டுக்கு ஓடினார், சாப்பிட. ஊர் இருந்தால்தானே சாப்பாடு என்று யாரோ சொல்லி எல்லோரும் சிரித்தோம். என் உள்ளங்கை கிழிந்து எரிந்தது. ஆனாலும் மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அந்த லேசு போய்விட்டது. முன்சீப் கண்டிப்பானவர். உத்தரவு என்றால் கால் புள்ளிகூட மாறக் கூடாது என்பவர். நாங்களாகவே போய் நடந்ததைச் சொல்வதாக இருவரும் பேசி வைத்திருந்தோம். கோர்ட்டு கூடியது. பின்னால் நயினாரும் முனுசாமியும் நின்றார்கள். நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். முன்சீப் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"முதலில் பலகையில் கை வைத்தது யார்?" என்று கேட்டார்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"நான்தான் யுவர் ஆனர்" என்றார் சின்ன காஞ்சியார். "பலகையை எடுக்கணும்னு வருஷக்கணக்கா கேட்டுண்டிருக்கிறது என் கட்சி. எடுத்ததும் நான். நண்பர் நான் தண்ணியில போயிடாம இருக்க எதிர் முனையைப் பிடிச்சுண்டார். அவர் மேல தப்பு இல்லை."

"இல்லை யுவர் ஆனர், இரண்டு பேரும் சேர்ந்துதான்" என்றேன். சின்ன காஞ்சியார் என்னை உட்காரும்படி கையைக் காட்டினார். தேர்தலில் என்னிடம் தோற்றவர் அவர். அன்றைக்கு அவர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், என் பதவிக்கு ஆபத்து வந்திருக்கும். அதற்கு ஆசைப்படுகிறவர்கள் அவருடைய அரசியல் கட்சியில் நிறையப் பேர் இருந்தார்கள்.

முன்சீப் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டார். "உங்கள் வக்கீல்கள் உத்தரவை மீறியிருக்கிறார்கள். உங்களுக்குப் புகார் உண்டா?"

நயினார் புகார் இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். முனுசாமி தலையைச் சொறிந்தார். "புகார் ஒண்ணும் இல்லீங்க. ஆனா ரெண்டு பேருக்குமே பலகை எடுக்கத் தெரியலீங்க."

முன்சீப் பேனாவை மூடி வைத்தார். "என் முன்னால் மனு இல்லை, புகார் இல்லை. மழை பெய்தது என்று இரண்டு வக்கீல்கள் சொன்னார்கள். அது எனக்கும் தெரியும். அடுத்த வழக்கைக் கூப்பிடுங்கள்" என்றார்.

வெளியே வந்ததும் சின்ன காஞ்சியாரைக் கேட்டேன். "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க? உங்க சன்னதே போயிருக்குமே."

"உம்ம பதவி போச்சுன்னா இடைத்தேர்தல் வரும். நான்தான் நிக்கணும். இந்த மனுஷன் என்னைத் தேடிண்டு வந்தார், நான் கோர்ட்டுல அவரைக் காட்டிக்கொடுத்தேன்னு சொல்லியா ஓட்டுக் கேக்கறது?" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பொதுத் தேர்தல் வரட்டும். உம்மை முறையா தோக்கடிக்கறேன்."

சொன்னபடியே செய்தார். அடுத்த தேர்தலில் என்னை ஜெயித்தார். கீழூரில்கூட அவருக்கு நல்ல ஓட்டு விழுந்தது. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் யாரோடும் பேசவில்லை. அந்த நாலு வருடத்தில் தொகுதிக்கு என்னவெல்லாம் செய்தேன் என்று சுவரைப் பார்த்து வாதாடிக்கொண்டிருந்தேன். உங்களில் தேர்தலுக்குப் போகிறவர்களுக்கும் ஒருநாள் இது நடக்கும். நடக்கும்போது சுவர் பதில் சொல்லாது, தெரிந்துகொள்ளுங்கள்.

கலங்கல் வழக்கு அதற்கு முன்பே சமரசமாகியிருந்தது. மழைக் காலத்தில் பலகை வெளியே, மழை ஓய்ந்த பிறகு உள்ளே என்று இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டார்கள். எழுதி முடிக்க ஒரு வேளை போதுமாக இருந்தது. நான் மறுபடியும் கோட்டை மாட்டிக்கொண்டு தினமும் கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்தேன். தோற்ற வக்கீலிடம் யார் வருவார்கள் என்று ஒரு கவலை உள்ளுக்குள் இருந்தது.

ஒரு காலையில் முனுசாமி என் ஆபீசுக்கு வந்தார். கூட மேலூர் ஆட்கள் நாலைந்து பேர். எல்லோர் கையிலும் கேஸ் கட்டு.

"எங்க வக்கீல் சட்டசபைக்குப் போயிட்டாரு சார். இனிமே யாராண்ட போறதுன்னு அவரையே கேட்டோம்" என்றார் முனுசாமி. கட்டை என் மேஜை மேல் வைத்தார். "உங்களாண்டதான் போவச் சொன்னாரு."